எங்கள் வீட்டில் எத்தனை அறைகள்?



இலக்கியத் தொடர் ஒன்றிலே வீட்டு மதிப்பீட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே இந்தத் தமிழ் வாத்தியார் என்று உங்களிற் சிலர் நினைக்கக்கூடும். நான் பேசப்போவது ஒரு சொல்லைப் பற்றித்தான். 'அறை' என்பது அந்தச் சொல். இரண்டே எழுத்து. வகுப்பிலே இதற்குப் பொருள் கேட்டால் பிள்ளைகள் சிரிப்பார்கள். 2016ஆம் ஆண்டு ஆவணி மாதத்து முற்பகல் ஒன்று வரும்வரை நானும் அதை அவ்வளவு இலேசான சொல்லென்றே எண்ணியிருந்தேன்.

எங்கள் வீடு மன்னார் உப்புக்குளத்தில் இருக்கிறது. 1990இல் நாங்கள் படகேறி இராமேசுவரம் போனபோது எனக்குப் பத்து வயது. 1994இல் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இருக்கவில்லை. அப்பா கைக்குக் காசு வந்த வேளைகளில் ஒவ்வொரு பகுதியாகக் கட்டினார். நடுவில் ஒரு ஹோல், அதன் இருபக்கமும் இரண்டு அறைகள், பின்னால் ஒட்டினாற்போலக் குசினி, முன்னால் நீளத்துக்கு ஒரு விறாந்தை. விறாந்தையின் மேற்கு மூலையை மட்டும் மூன்றரை அடி உயரத்துக்குச் சீமெந்துக் கல்லால் மறித்தார். ஏன் மறித்தார் என்பது மன்னார் நேயர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். எங்கள் ஊர்க் கழுதைகளுக்கு வெயிலேறினால் எந்த வீட்டு விறாந்தையும் சொந்தம். அரைச்சுவருக்கு மேலே பனையோலைத் தட்டி கட்டி, மழைக்கு இறக்குவார்கள், காற்றுக்கு ஏற்றுவார்கள். அப்பா காலமான பிறகு அம்மா அந்த மூலைக்கு மாறிவிட்டார். ஒரு பாய், ஒரு றங்குப்பெட்டி, ஒரு பிள்ளையார் படம். சோளகம் வீசுகிற மாதங்களில் மன்னாரிலே அதைவிடச் சுகமான படுக்கை கிடையாது. 'அம்மாவின் அறை' என்றுதான் நாங்கள் எல்லோரும் சொல்லி வந்தோம்.

தங்கைக்குக் கலியாணம் பேசிய காலம் அது. வீடு அவளுக்குச் சீதனம். மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தபோது, "வீடு எத்தனை அறை?" என்று பெரியவர் ஒருவர் கேட்டார். "மூண்டு அறை" என்று சொன்னவன் நான். பொய் சொல்லுகிறோம் என்ற எண்ணம் எள்ளளவும் இல்லை. பிறகு கூரையை மாற்றவும் நிலத்துக்கு ஓடு பதிக்கவும் வங்கி ஒன்றிலே கடன் கேட்டோம். அதற்காக ஒரு மதிப்பீட்டாளர் வந்தார். நல்ல மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், நாடா பிடித்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். கடைசியில் தமது தாளில் அறைகள் என்ற இடத்துக்கு நேரே '2' என்று எழுதினார்.

நான் மேற்கு மூலையைக் காட்டினேன். "அது விறாந்தை ஐயா. சுவர் கூரை மட்டும் போகேல்லையே. கதவும் இல்லை" என்றார்.

அவர் போன பிறகு அம்மா கேட்டார்: "தம்பி, அப்ப நான் இவ்வளவு காலமும் எங்க படுத்தனான்?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. அறிக்கையின் பிரதி எப்படியும் மாப்பிள்ளை வீட்டார் கண்ணிலே படும். மூன்று என்று சொன்ன வாத்தியாரின் வீட்டை வங்கிக்காரன் இரண்டு என்று எழுதியிருக்கிறானே என்பார்கள். கடன் தொகை குறைவது ஒருபுறமிருக்க, சொன்ன சொல் குறைந்துபோவதுதான் எனக்கு உறைத்தது.

அந்தக் கிழமை முழுவதும் நான் 'அறை'யைத் தேடினேன். ஐக்கிய நாடுகள் சபை, நாடுகளின் குடித்தொகை, வீட்டுக் கணக்கெடுப்புகளுக்காக ஒரு பரிந்துரை வைத்திருக்கிறது. அதன்படி அறையென்பது நிலத்திலிருந்து கூரை மட்டும், அல்லது குறைந்தது 2 மீற்றர் உயரத்துக்காவது, சுவரால் அடைக்கப்பட்ட இடம். வளர்ந்த ஒருவரின் கட்டில் கொள்ளுமளவு பரப்பு இருக்க வேண்டும், அதாவது 4 சதுர மீற்றர். நம் கணக்கில் ஏறக்குறைய 43 சதுர அடி. படுக்கையறை, சாப்பாட்டறை, ஹோல், குசினி எல்லாம் அறைகளே. ஆனால் நடைவழி, விறாந்தை, குளியலறை, மலசலகூடம் ஆகியவை எவ்வளவு பெரியவையானாலும் அறைகள் அல்ல. இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. வங்கிக்கு எங்கள் வீடு இரண்டு அறை. ஐக்கிய நாடுகள் சபைக்கு நான்கு அறை. அம்மாவுக்கு மூன்று.

இந்த அளவுகோலில் கட்டில் வந்து நிற்பதைக் கவனித்தீர்களா? ஜப்பானியர் அறையைப் பாய்க் கணக்கிலே சொல்வார்கள். நாலரைப் பாய் அறை, ஆறு பாய் அறை என்பது அங்கே வழக்கு. அம்மாவுக்கு அது உடனே பிடித்துவிட்டது. "அதுதான் நியாயம்" என்றார். அவருடைய மூலை ஆறடிக்கு ஒன்பதடி. பாயும் கொள்ளும், கட்டிலும் கொள்ளும்.

இனித் தமிழுக்கு வருவோம். 'அறை' என்ற சொல் 'அறு' என்னும் வினையடியிலிருந்து வந்தது என்பர். வெட்டிப் பிரிக்கப்பட்டது அறை. சங்கப் பாடல்களிலே பாறைக்கும் அறை என்று பெயருண்டு. ஆக, பிரிப்பும் கல்லும் அந்தச் சொல்லுக்குள்ளே இருக்கின்றன என்றால் மதிப்பீட்டாளர் பக்கம்தான் தமிழ் சாய்கிறது. பனையோலைத் தட்டி பாறையாகாது. ஆனால் வீட்டைக் குறிக்கும் மற்றச் சொற்களைப் பாருங்கள். இல், மனை, அகம். அகம் என்றால் வீடு, உள்ளிடம், மனம். ஒரு முழு இலக்கியப் பிரிவுக்கே அந்தப் பெயரைக் கொடுத்திருக்கிறோம். நக்கீரரின் நெடுநல்வாடையில் அரண்மனை அமைப்போர் நிழல் பார்த்துத் திசை குறித்து, நூல் பிடித்து மனை வகுக்கிறார்கள். அவ்வளவு துல்லியம் அரசனுக்கு வேண்டியிருந்தது. சாதாரணக் குடிமகன் வீட்டுக்குத் திண்ணையும் முற்றமும் தாழ்வாரமும் போதுமாயிருந்தன. இடத்துக்குப் பெயர் வந்தது அங்கே நடக்கிற காரியத்தால். அடுகிற இடம் அட்டில். கொத்தனார் அதற்கு எத்தனை அடி உயரத்தில் சுவர் வைத்தார் என்று யாரும் கேட்கவில்லை.

இன்னொன்று. மனிதன் உலகுக்கு வருமுன் இருக்கிற இடத்தைக் கருவறை என்கிறோம். போனபின் இருக்கிற இடத்தைக் கல்லறை என்கிறோம். கோயிலில் இறைவன் இருக்கிற இடமும் கருவறைதான். திருக்கேதீச்சரத்தின் உள்ளே நின்று கும்பிடும்போது, அந்தப் பரிந்துரையின்படி இதற்குள் கட்டில் கொள்ளுமா என்று ஒருநாள் மனம் போய்விட்டது. சிவ சிவ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

இப்போது நாம் வீட்டைப் பேசப் பயன்படுத்தும் சொற்களிற் பாதி நம்முடையவை அல்ல. 1560இல் மன்னார்க் கோட்டையைக் கட்டிய போர்த்துக்கேயர், விறாந்தையையும் குசினியையும் சன்னலையும் கதிரையையும் மேசையையும் அலுமாரியையும் நம் வாயில் விட்டுப் போனார்கள். 1658இல் அவர்களிடமிருந்து மன்னாரைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கக்கூசைத் தந்தார்கள். அதே ஒல்லாந்தர்தான் தோம்பு எழுதுவதிலும் கெட்டிக்காரர்கள். காணியை எழுதி, அதில் நின்ற பயன்மரங்களையும் எண்ணி எழுதினார்கள். என் பேரனார் காலத்தில்கூட வீட்டின் பெறுமதி அறையில் இருக்கவில்லை. எத்தனை பரப்பு வளவு, எத்தனை பனை நிற்கிறது, கிணறு நல்ல தண்ணீரா என்பவைதான் கேள்விகள். நான்கு பக்கமும் உவர் சூழ்ந்த எங்கள் தீவிலே கடைசிக் கேள்விதான் முதற் கேள்வி. மதிப்பீட்டாளர் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார் என்றேன் அல்லவா? அள்ளிக் குடித்துப் பார்க்கவில்லை. அவருடைய தாளில் அதற்கு இடமில்லை.

எண்ணப்படுவது எதுவோ அதற்கேற்ப வீடு மாறும் என்பதற்கு வரலாற்றில் நல்ல சான்றுண்டு. 1696இல் இங்கிலாந்தில் சன்னல் வரி போட்டார்கள். வீட்டுக்காரர் வருமானத்தைச் சொல்ல மறுத்தாலும் தெருவில் நின்று சன்னலை எண்ணிவிடலாமே என்பது கணக்கு. சனங்கள் என்ன செய்தார்கள்? சன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். வெளிச்சமும் காற்றும் இல்லாமல் நோய் பரவியது என்று வைத்தியர்கள் முறையிட்டு, 1851இல்தான் அந்த வரி ஒழிந்தது. அடைத்த சன்னல்களோடு பழைய வீடுகள் இன்னும் அங்கே நிற்கின்றன.

கடல் கடந்தும் இந்தச் சங்கதி நம்மவரை விடவில்லை. என் அண்ணர் ரொறன்ரோவுக்குப் போய் முதல் ஏழு வருடம் ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்றில், நிலக்கீழ்த் தளத்தில், குடியிருந்தார். இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் தவழ்ந்தார்கள். வட அமெரிக்க மதிப்பீட்டு முறையில் நிலமட்டத்துக்குக் கீழே இருக்கிற அறைகளை வீட்டின் அறைத் தொகையோடு சேர்ப்பதில்லை. தனியே குறிப்பார்கள், பெறுமதியும் குறைத்தே போடுவார்கள். அம்மாவின் மூலையைப் பற்றித் தொலைபேசியில் சொன்னபோது அண்ணர் சிரித்தார். "அம்மாவுக்குச் சொல்லு, நானும் அறையில்லாத இடத்திலதான் இருந்தனான்" என்றார். சென்னை உறவினர் வீட்டுக்குப் போனால் அங்கே வேறு பாஷை. இரண்டு பி.எச்.கே., மூன்று பி.எச்.கே. படுக்கையறை, ஹோல், கிச்சின் என்று வீடு மூன்று ஆங்கில எழுத்தாய்ச் சுருங்கிவிட்டது. திண்ணைக்கு அதில் எழுத்தில்லை.

மதிப்பீட்டாளரைக் குறைசொல்ல நான் இங்கு வரவில்லை. அவர் எங்கள் வீட்டில் குடியிருக்கப் போகிறவர் அல்லர். முகம் தெரியாத ஒருவன் நாளை அந்த வீட்டுக்கு என்ன விலை கொடுப்பான் என்பதே அவருக்கு இடப்பட்ட வினா. விற்றுப்போன பிற வீடுகளோடு ஒப்பிட்டுத்தான் அவர் அதற்கு விடை காணவேண்டும். மன்னாரில் அறை என்பதும் மாத்தறையில் அறை என்பதும் ஒன்றாயிராவிட்டால் ஒப்பீடே நடவாது. நானும் இதே வேலையைத்தான் செய்கிறேன். பரீட்சை விடைத்தாள் திருத்தும் மேசையில் புள்ளித்திட்டம் ஒன்று முன்னால் இருக்கும். பிள்ளை அழகாக எழுதியிருப்பான், உண்மையாகவும் எழுதியிருப்பான். திட்டத்தில் அந்த விடை இருக்காது. பூச்சியம் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்திருக்கிறேன். அப்படி எத்தனை பிள்ளைகளை விறாந்தையில் விட்டேனோ!

நாங்கள் இருந்த ஓர் அறையைப் பற்றியும் சொல்லவேண்டும். மண்டபம் முகாமில் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்தது பத்தடிக்குப் பத்தடி. அந்த இடமே பழையது. முன்னொரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு ஏற்றப்பட்ட தொழிலாளரை நோய்த் தடைக்காகத் தங்கவைத்த இடம். அங்கிருந்து இங்கு வந்தவர்கள் தங்கிய இடத்திலே, இங்கிருந்து அங்கு போன நாங்கள் தங்கினோம். நான்கு சுவர், கூரை, கதவு எல்லாம் இருந்தன. எந்த அளவுகோலுக்கும் அது ஓர் அறை. அம்மா நீலச் சேலை ஒன்றைக் குறுக்கே கட்டினார். சேலைக்கு அந்தப் பக்கம் உடுப்பு மாற்ற, இந்தப் பக்கம் படிக்க, கதவோரம் சமைக்க. சேலைக்கு அப்பால் யாரும் இருக்கிறபோது கேட்காமல் போகக்கூடாது என்பது சட்டம். அப்பாவும் அதை மீறியதில்லை. நான் முதன்முதலில் ஓர் அறையின் வாசலில் நின்று "வரலாமா?" என்று கேட்கப் பழகியது அந்தச் சேலையின் முன்னால்தான். பின்னாளில் ஆசிரியப் பயிற்சியில் கற்றுக்கொண்ட வகுப்பறை ஒழுக்கமெல்லாம் இதற்குக் கீழேதான்.

இறுதிப் போருக்குப் பின் கட்டப்பட்ட வீடுகளிலும் இந்தக் கதை தொடர்ந்தது. 2012 ஒக்டோபரில் பெருமளவில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் குடும்பம் ஒன்றுக்கு 550,000 ரூபா, வேலை முன்னேற முன்னேறப் பகுதி பகுதியாகக் கொடுத்தார்கள். வீட்டுக்காரரே கட்டிக்கொள்ளலாம். மாந்தைப் பக்கத்து வீடுகள் பலவற்றுக்கு என் மாணவரைப் பார்க்கப் போயிருக்கிறேன். புத்தம் புதிய இரண்டு அறைகளுக்குள்ளே நெல்மூட்டையும் சைக்கிளும் நிற்கும். ஆட்கள் முன்னால் கிடுகுப் பத்தி இறக்கி அதற்குள் படுத்திருப்பார்கள். "உள்ளுக்குள்ள வெக்கை சேர்" என்பார்கள். திட்டத்துக்கு வெளியே கட்டிய அந்தப் பத்திதான் அவர்கள் வீடு. தகரத்தையும் கல்லையும் விட்டுக் கிடுகில் இருப்பதற்கு அவர்களுக்கு இருந்த காரணமே அம்மாவுக்கும் இருந்தது. காற்று.

சரி, எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அவ்வளவையும் படித்த வாத்தியார் என்ன செய்தான்? மேசனைக் கூப்பிட்டான். தட்டியை அவிழ்த்துவிட்டு அரைச்சுவரைக் கூரை மட்டும் உயர்த்தி, கதவு ஒன்றும் வைத்து, இரண்டு நாளில் வேலையை முடித்தேன். அம்மா தடுக்கவில்லை. "காத்து எதால வரும்?" என்று ஒருதரம் கேட்டார். சன்னல் பிறகு வைக்கலாம் என்றேன். கல்லு வாங்கிய கடனே அப்போது நின்றது. மதிப்பீட்டாளர் மறுபடி வந்து பார்த்தார், என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தார், '3' என்று எழுதினார். கடன் வந்தது. கலியாணம் தை மாதம் நடந்தது. என் சொல் காப்பாற்றப்பட்டது.

அம்மா மூன்று இரவு அந்த அறைக்குள்ளே படுத்துப் பார்த்தார். நாலாம் நாள் பாயைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, சுவருக்கும் முற்றத்துக்கும் இடையில் எஞ்சிக் கிடந்த இரண்டரை அடிச் சீமெந்து ஒட்டில் விரித்துக்கொண்டார். எழுபது வயதைத் தாண்டியவர். விடியற்காலையில் எழும்பிப் பார்த்தால் தலைமாட்டில் கழுதை நிற்கும். நான் கோபித்தேன், கெஞ்சினேன், மின்விசிறி வாங்கிப் பூட்டினேன். "அது காத்து இல்ல தம்பி, சத்தம்" என்றார்.

இதைச் சரிசெய்தவர் நானல்லேன். தங்கையின் கணவர். பேசாமடந்தை அந்த மனிதர். சீதனத்தில் அவருடைய வீட்டார் எண்ணி வாங்கிய மூன்றாவது அறை அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது, ஏணி வைத்து மேற்குச் சுவரின் மேல்வரியிலிருந்து கல்லை ஒவ்வொன்றாய்க் கழற்றிக்கொண்டிருந்தார். மூன்று வரி. மீதிச் சுவர் ஏழடி, அதாவது 2 மீற்றருக்குச் சற்று மேலே. இடைவெளிக்குப் பழையபடி பனையோலைத் தட்டி. கதவையும் கழற்றிக் கோடிப் பக்கம் சாத்திவிட்டார். "மாமி உள்ள வந்திடுவா" என்று மட்டும் சொன்னார். அன்றிரவே அம்மா உள்ளே போய்விட்டார்.

பின்னொரு நாள் ஆதனவரி மதிப்பீட்டுக்காக ஒருவர் வந்தார். நம் சனங்கள் சோலைவரி என்பார்களே, அதற்கு. வருடம் முழுவதற்கும் அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் நியாயமாய் எவ்வளவு கிடைக்கும் என்று மதித்து, அதில் ஒரு வீதத்தை வரியாகப் போடுவார்கள். கடனுக்கு வருகிறவரிடம் கூட்டிச் சொல்லத் தோன்றும், வரிக்கு வருகிறவரிடம் குறைத்துச் சொல்லத் தோன்றும். அன்று நானும் அங்கே இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

"எத்தனை அறை?" என்று வந்தவர் கேட்டார்.

"ரெண்டு" என்றார் மைத்துனர்.

தட்டிக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "மூண்டு."